தவுக்கேயின் அப்பாவுக்காகத் தின்ற கெராங்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு கெராங்தான் தின்றிருக்கிறேன். கடல் சேற்றில் பொறுக்கி வரும் அந்தச் சிப்பியைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். ஓட்டைப் பிளந்தால் உள்ளே ரத்தம் நிற்கும். வெந்தது என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. அதை ஒரு மனிதன் ஆசையாக உறிஞ்சுவதைப் பார்த்தாலே எனக்கு நாக்கு உள்ளே சுருண்டுகொள்ளும். நான் தின்ற அந்த ஒன்றையும் ஒரு சவக்குழியின் கரையில் உட்கார்ந்துதான் தின்றேன்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் கோலா கெத்திலிலிருந்து உள்ளே தள்ளி, மாட்டு வண்டி போகிற செம்மண் பாதையில் இருந்தது. தோட்டத்து முகப்பில் ஒரே ஒரு கடை. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், சுருட்டு, துணி துவைக்கிற சவுக்காரம், எல்லாவற்றுக்கும் அந்தக் கடைதான். கடைக்காரர் சீனர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தவுக்கே, அதாவது முதலாளி, என்றால் அவர்தான். எங்கள் சனங்களோடு பேசிப் பேசி, பாதி மலாயும் பாதி தமிழுமாக ஒரு பாஷையைச் சொந்தமாகச் செய்து வைத்திருந்தார்.

கடைச் சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கிற சீனக் காலண்டர் தொங்கும். சீனர்களின் நாள் கிழமை எல்லாம் நிலாவைப் பார்த்துத்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். சூரியன் போகிற வழியை வைத்து வருஷத்தை இருபத்து நாலு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நம்முடைய சித்திரைப் பிறப்பு மாதிரி அதுவும் சூரியக் கணக்கு. இதைத் தவுக்கே என்னிடம் விளக்கிச் சொன்னதுதான் தப்பு. அதற்குப் பிறகு நான் அவரை நிம்மதியாக இருக்க விட்டதில்லை.

தை மாதத்தில் ஒரு நாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தவுக்கே சட்டையில்லாமல் உட்கார்ந்து பனை விசிறியால் வயிற்றை விசிறிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்னா நாளு தவுக்கே?"

"பெரிய குளிரு."

"அய்யோ, அதான் காலையிலேருந்து பல்லு தந்தி அடிக்குது. ஒரு கம்பளி குடுங்க தவுக்கே."

"சீனா தேசத்துல குளிரு லா, போடோ!"

போடோ என்றால் மடையன். அந்தப் பட்டத்தை அவர் எனக்கு என்றைக்கோ கொடுத்துவிட்டார். மாசி கடைசியில் வேறொரு தாள் கிழிந்தது. பூச்சிகளெல்லாம் தூக்கம் கலைந்து எழுகிற நாளாம். "எங்க லயத்துக் கொசு தூங்கினாத்தானே தவுக்கே எந்திரிக்கிறதுக்கு" என்றேன். கூட வந்த மச்சான் வெற்றிலைச் சாற்றைச் சிந்திக்கொண்டு சிரித்தார். மச்சான் என்றால் என் அக்காள் புருஷன். என்னோடு ரப்பர் வெட்டுகிறவர். லயத்தில், எங்கள் கூலி வீட்டு வரிசையில், யாராவது செத்தால் ஆற்றோரச் சுடுகாட்டில் கட்டை அடுக்குவதும் அவர்தான்.

தவுக்கேயும் லேசுப்பட்டவர் இல்லை. அவருக்கு எங்கள்மேல் ஒரு நிரந்தரமான அருவருப்பு உண்டு. "நீங்க ஆளு, அப்பா செத்தா சாத்தே மாதிரி நெருப்புல சுடுது. கோத்தோர்!" என்பார். சாத்தே என்றால் குச்சியில் குத்திச் சுடுகிற இறைச்சி, கோத்தோர் என்றால் அசிங்கம். எங்களைப் பற்றிய அவருடைய பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து முடியும்.

"நீங்க மட்டும் என்னாவாம்? பொதச்சதைத் திரும்பத் தோண்டி, எலும்பைக் கழுவி, ஊறுகா மாதிரி ஜாடியில போடுறீங்க. சீ!"

"ஜாடி வீடு லா. அப்பா அங்க குந்திக்கும்."

"ஊறுகாயும் ஜாடியிலதான் குந்திக்கிது."

இப்படியே போகும். ஒருவர் வழக்கத்தைப் பார்த்து மற்றவர் மூக்கைப் பொத்திக்கொள்வதில் எங்களுக்குள் ஒரு சிநேகம்கூட இருந்தது என்று சொல்லலாம். அந்த வருஷம்தான் மூக்கை உண்மையாகவே பொத்த வேண்டி வந்தது.

ரப்பர் மரங்கள் இலை கொட்டுகிற காலம் அது. பால் இறங்காது. பாதி ஆள் சும்மா கிடப்போம். ஒரு மத்தியானம் நானும் மச்சானும் கடையில் உட்கார்ந்திருந்தபோது தோட்டத்துக் கிராணி வந்தார். துரைக்குக் கணக்கு எழுதுகிறவர். தலையில் தொப்பி, காலில் மேஜோடு, பேச்சில் துரையைவிட ஒரு படி அதிகாரம்.

"தவுக்கே, மேட்டுல இருக்கிற உங்க ஆளுங்களை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போகணும். செங் பெங் முடிஞ்சதும் அங்க நெருப்பு. தொர உத்தரவு. புதுக் கன்னு நடப் போறோம்."

மேடு என்பது தோட்டத்துக்கு நடுவில் லாலான் புல் மண்டிக் கிடந்த ஒரு சின்னக் குன்று. தோட்டம் வருவதற்கு முன்னாலிருந்தே சீனர்களின் கல்லறைகள் அங்கே இருந்தன. செங் பெங் என்பது அந்த இருபத்து நாலு துண்டில் ஒன்று, நமக்குப் பங்குனி கடைசியில் வரும். அன்றைக்குக் குடும்பத்தோடு போய்க் கல்லறையில் புல் வெட்டி, சுத்தம் செய்து, சோறு படைத்து, செத்தவர்களோடு உட்கார்ந்து தின்றுவிட்டு வருவார்கள்.

விஷயம் தெரிந்ததும் சுங்கை பட்டாணியிலிருந்தும் திகாம் பத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து மற்ற கல்லறைகளைத் தோண்டி எலும்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தவுக்கேயின் அப்பா மட்டும் மிச்சம். செங் பெங் வராமல் அப்பாவைத் தொடமாட்டேன் என்று தவுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"மரம் வெட்டற ஆளுங்க வந்துட்டா என்னா பண்ணுவீங்க தவுக்கே? சீக்கிரம் எடுத்துடுங்க" என்றார் மச்சான்.

"நாளு தப்பு பண்ணக் கூடாது. அப்பா சாவுறப்ப ஒண்ணு சொல்லிச்சு. நெருப்பு மட்டும் வேணாம். நெருப்பு வச்சா ஆளு காணாப் போயிடும். அப்புறம் நான் சோறு வச்சா யாரு வருது?"

நான் வாயைத் திறந்தேன். மச்சான் என் காலை மிதித்தார்.

செங் பெங் அன்று விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் பாராங் கத்தியும் மண்வெட்டியுமாக மேட்டுக்குப் போனோம். லாலான் புல் இடுப்பளவு. வெட்ட வெட்டக் கையைக் கிழித்தது. புல் போனதும் லாடம் மாதிரி வளைந்த கல்லறை வெளியே வந்தது. அதன் கால் பக்கம் ஈரமாகச் சொதசொதவென்று இருந்தது. தோட்டத்தில் மேலே வெட்டிய புதுக் கால்வாயின் தண்ணீர் அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தவுக்கே வண்டியில் வந்து இறங்கினார். வறுத்த பன்றி, அவித்த கோழி, முட்டை, ஒரு வாளி கெராங், கழுவுவதற்குச் சம்சு சாராயம், கறுப்புக் குடை, பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய ஜாடி. கூடவே சுங்கை பட்டாணியிலிருந்து வரவழைத்த எலும்பு எடுக்கிற ஆள். ஒல்லி. தங்கப் பல். உதட்டில் அணைந்த சுருட்டு. அவனுக்கு மலாய் ரெண்டு வார்த்தை, தமிழ் பூஜ்ஜியம். மச்சானின் கண் சாராயத்தின் மேலேயே இருந்தது.

"எலும்பு குடிக்கப் போற சரக்கு மச்சான், ஆசைப்படாதீங்க" என்றேன்.

கல்லறை மேல் வண்ணக் காகிதங்களை வைத்துக் கல்லால் அழுத்தினார் தவுக்கே. ஊதுவத்தி கொளுத்தினார். வீட்டு ஆட்கள் கெராங்கைத் தின்று ஓடுகளைக் கல்லறை மேல் இறைக்க வேண்டுமாம். அது அந்த வீட்டு வழக்கம். தாடையில் ரத்தம் வழிய வழிய அவர் தின்றார். என்னிடம் ஒன்றை நீட்டினார். "அய்யே, எட்டிப் போங்க" என்று மரத்துக்குப் பின்னால் ஓடிவிட்டேன்.

தோண்டத் தோண்டப் பெட்டி தெரிந்ததும் எலும்பு எடுக்கிறவன் கையைத் தூக்கினான். சீனர்கள் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். பெட்டி திறக்கிற நேரத்தில் சில மிருக வருஷத்தில் பிறந்தவர்கள் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டுமாம். பார்த்தால் ஆகாதாம் என்றார் தவுக்கே.

"தம்பி, நீ என்னா வருசம்?"

"எனக்கென்னா தெரியும்? லயத்துல காலரா வந்த வருசம்னு அம்மா சொல்லும்."

"காலரா மிருகம் இல்ல லா!"

"எந்த மிருகம் திரும்பிக்கணுமோ அந்த மிருகம் நானு. சத்தியமா."

தவுக்கே என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "நீ குரங்கு. குரங்கு பாக்கலாம். குடை புடி."

வெயில் எலும்பின் மேல் படக்கூடாது. அதற்காகத்தான் குடை. குழியின் கரையில் நின்று நான் பிடித்தேன். மச்சானும் தங்கப் பல்லும் மூடியை நெம்பினார்கள்.

நாற்றம் என்று எழுதினால் போதாது. பெருச்சாளி செத்து உத்தரத்தில் கிடந்த நாற்றத்தை அறிந்தவன் நான். ரப்பர் பால் வாளியில் நாள்பட்டு அழுகும் நாற்றத்தில்தான் வளர்ந்தேன். இது வேறு. மூக்கு வழியாகப் போய் நாக்கில் உட்கார்ந்தது. கொழகொழப்பாக ஒரு தித்திப்பு. நான் குடையை விடவில்லை, ஆனால் காலையில் குடித்த கஞ்சியை அந்தப் பக்கம் திரும்பி மொத்தமாக விட்டேன்.

உள்ளே எலும்பு இல்லை. தவுக்கேயின் அப்பா இருந்தார். இத்தனை வருஷம் கழித்தும் ஆள் ஆளாகவே இருந்தார். தண்ணீரில் ஊறி ஊறி, மஞ்சளும் வெள்ளையுமாக, கடையில் கம்பியால் அறுத்துத் தருவாரே தவுக்கே, அந்தச் சவுக்காரக் கட்டி மாதிரி. தங்கப் பல் குச்சியால் குத்தினான். குச்சி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் மணலைத் தேய்த்துத்தான் குளித்தேன்.

சீன பாஷையில் ரெண்டு பேரும் கத்திக்கொண்டார்கள். பிறகு தவுக்கே எங்களிடம் சொன்னார்.

"எடுக்க முடியாது. அப்பா இன்னும் முடியல. மூடி வச்சு இன்னும் ரெண்டு மூணு வருசம் விடணும்."

அந்த நேரம் பார்த்துக் கிராணி வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "என்னா தவுக்கே, ஆச்சா? நாளன்னிக்கு நெருப்பு" என்றார்.

தவுக்கே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கிராணி, இந்த ஒரு இடம் மட்டும் விடு லா. சின்ன இடம். தொரகிட்ட சொல்லு."

"ஒரு ஆளுக்காகத் தொர மேட்டைச் சுத்திக்கிட்டு நெருப்பு வைப்பாரா? பேச்சப் பாரு."

"தோட்டத்துல வேற இடத்துல பொதைக்கிறேன்."

"தோட்டத்துல இனிமே ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. உத்தரவு."

சொல்லிவிட்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. படையலில் இருந்த வறுத்த பன்றித் தட்டைத் தூக்கிக்கொண்டு, நாற்றம் எட்டாத இடமாகப் பார்த்து மரத்தடியில் உட்கார்ந்தார். மொறுமொறுவென்று தோலைக் கடிக்கிற சத்தம் குழி வரைக்கும் கேட்டது. அன்று நான் பார்த்ததிலேயே எது அதிக அசிங்கம் என்று என்னைக் கேட்டால் பெட்டிக்குள் இருந்ததைச் சொல்லமாட்டேன்.

வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால் வண்டிக்காரன் எப்போதோ மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பெட்டியும் தூக்கினால் உதிர்ந்துவிடும். தவுக்கே கரையில் குந்திக்கொண்டார். நாளை மறுநாள் மேட்டுக்கு நெருப்பு. அப்பா கேட்டுக்கொண்டது நெருப்பு வேண்டாம் என்று.

மச்சான் முண்டாசை அவிழ்த்துத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனார். "தவுக்கே. தப்பா நெனைக்காதீங்க. அவனுங்க வைக்கிற நெருப்புல அப்பா எங்க போவாருன்னு யாருக்கும் தெரியாது. நாங்க வச்சா எலும்பு நிக்கும். கீழ ஆத்தோரத்துல."

தவுக்கே நிமிர்ந்து பார்த்தார். சாத்தே என்று வாய்க்கு வாய் சொன்ன மனுஷன். எனக்கு நாக்கு நுனியில் ஒரு சொல் துடித்தது. அதைச் சொல்லாமல் எச்சிலோடு சேர்த்துத் தரையில் துப்பிவிட்டேன்.

"எலும்பு எல்லாம் வருமா? ஒண்ணுகூட வுடாம?"

"தேடி எடுப்போம் தவுக்கே. எங்க ஆளுக்கும் அப்படித்தான் எடுக்குறோம்."

அவர் கடைச் சாவியை என்னிடம் எறிந்து, "மண்ணெண்ணெய் எடுத்துட்டு வா" என்றார்.

கோணியை விரித்துப் பெட்டிப் பலகையோடு அள்ளினோம். ஆற்றோரம் வரைக்கும் நான் குடை பிடித்தேன். வழுக்கிய இடத்தைப் பற்றி எழுதமாட்டேன். என் கையில் ஒட்டியதைப் பற்றியும் எழுதமாட்டேன். மச்சான் பழைய ரப்பர்க் கட்டைகளை அடுக்கி, பொழுது சாய்வதற்குள் வேலையை முடித்தார். நெருப்பு பிடித்ததும் அது உருகி, எண்ணெய் ஊற்றிய திரி மாதிரி நின்று எரிந்தது. வெகு சுலபமாக எரிந்தது. தவுக்கே வெயில் போன பிறகும் குடையை மடக்காமல் நின்றார்.

மறுநாள் காலையில் சூடு ஆறியிருந்தது. நம் வழக்கத்துக்குப் பால் தெளிக்க வேண்டும். லயத்தில் மாட்டுப் பால் ஏது? கடையிலிருந்து டின் பாலைக் கொண்டுவந்து தண்ணீரில் கலக்கினேன். மச்சான் சாம்பலைக் கிளறிக் கால் எலும்பிலிருந்து தொடங்கி மேலே மேலே பொறுக்கினார். தங்கப் பல் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவன் ஜாடியில் அடுக்குவதும் காலிலிருந்துதானாம், கடைசியில் தலை. ஒருவன் பொறுக்க ஒருவன் அடுக்க, பாஷையே இல்லாமல் வேலை நடந்தது.

"ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமா மச்சான்?" என்றேன்.

"வாய மூடிக்கிட்டு குடையப் புடிடா."

ஒரு சின்ன எலும்பு, முழங்கால் சில்லு, அகப்படவில்லை. தவுக்கே தானே மண்டிபோட்டுச் சாம்பலுக்குள் இரண்டு கையையும் விட்டார். முகமெல்லாம் சாம்பல். மூக்கு ஒழுகியது. டின் பாலில் ஈ மொய்த்தது. கடைசியில் அது அகப்பட்டதும், அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கோத்தோர்" என்று சொல்லித் தன் சட்டையிலேயே துடைத்து ஜாடிக்குள் போட்டார். ஜாடியைக் கோலா கெத்தில் சீனக் கோயிலில் வைத்தார்கள். சில நாளில் அவர்கள் காலண்டரில் தானிய மழை என்கிற தாள் வந்தது. மழையும் கொட்டியது. கேலி செய்ய எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கிராணி சொன்ன நாளன்றைக்கு மேட்டில் நெருப்பு வைக்கவில்லை. அடுத்த வாரமும் வைக்கவில்லை. துரை சீமைக்குப் போய்விட்டார். புதுத் துரை வந்து மேட்டைப் பார்த்துவிட்டு, கல் அதிகம், கன்று பிடிக்காது என்று சொல்லிவிட்டாராம். கிராணி இதைக் கடையில் நின்று பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். தவுக்கே சவுக்காரம் அறுத்துக்கொண்டிருந்தார். கம்பி நடுவில் நின்றது. பிறகு முழுசாக அறுத்து முடித்தார்.

அடுத்த செங் பெங்குக்கு முந்தின நாள் தவுக்கே என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு மேட்டுல புல்லு வெட்டணும்."

"அங்க யாரு தவுக்கே இருக்கா? அப்பாதான் கோயில்ல ஜாடியில குந்திக்கிட்டு இருக்காரே."

"அப்பாவுக்கு வழி தெரியாது. நெருப்புல போச்சு, கண்ணு தெரியாம. இங்க வந்து நின்னுக்கிட்டு இருந்தா?"

புல் ஒன்றும் குறையாமல் வளர்ந்திருந்தது. வெட்டினோம். பாதி இடிந்த குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அடியில் பச்சைத் தண்ணீரும் தவளையும். தவுக்கே பன்றியும் கோழியும் கெராங்கும் படைத்தார். வாசம் பிடித்தவர் மாதிரி கிராணியும் வந்து சேர்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. குழியின் விளிம்பில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கெராங்கை ஒவ்வொன்றாகப் பிளந்து உறிஞ்சி, விரலை நக்கி, ஓட்டைக் குழிக்குள் வீசினார்.

"ஓட்டைக் கல்லறையில போடணுமாமே? நானே போட்டுட்டேன் பாருங்க தவுக்கே" என்று சிரித்தார். ஏப்பம் விட்டார். எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் தவுக்கே காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். பச்சைத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி, கிராணி போட்ட ஓடுகளைத் தேடித் தேடி எடுத்து வெளியே எறிந்தார். மச்சானும் இறங்கினார். சாம்பலில் தேடிய அதே மாதிரி. நான் கரையில் நின்றேன். வெயில் சுட்டது. குடை கொண்டுவரவில்லையே என்று ஏனோ தோன்றியது.

தவுக்கே மேலே ஏறி வந்து வாளியைப் பார்த்தார். நிறைய இருந்தது. அவருடைய பிள்ளைகள் பினாங்கில். யாரும் வரவில்லை.

"ஓடு பத்தாது. நீங்க சாப்பிடு."

மச்சான் குந்திக்கொண்டு தின்னத் தொடங்கினார். தவுக்கே ஒன்றைப் பிளந்து என் முன்னால் நீட்டினார். ரத்தம் அவர் விரலில் வழிந்தது. அதே விரலில் குழியின் பாசி.

"அய்யே, நான் மாட்டேன் தவுக்கே."

"ஒண்ணு போதும் லா. குடை புடிச்சவன் நீ."

வாங்கி வாயில் போட்டேன். இரும்பும் உப்பும் சேறும். நாக்கில் அது உயிரோடு இருப்பது போல நகர்ந்தது. விழுங்கினேன். ஓட்டைக் குழிக்குள் போட்டேன். தண்ணீரில் விழுந்து மூழ்கியது.

"எப்படி?" என்றார் தவுக்கே.

"கோத்தோர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைப் பிளந்தார். அது அவருக்கு.